படைக்காத பங்கு

கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் போட்டுவிடக் கூடாது என்று லீலா அதை இரண்டு கைகளாலும் பிடித்து மெல்லத் தூக்கினாள். மழைக்காலம் முடிந்ததும் அதற்கு எண்ணெய் விடுவது தனசிங்கின் வேலை. இந்த வருடம் விடவில்லை. பாதி தூக்குவதற்குள் அது கிறீச்சிட்டது.

"யாரு, லீலாவா?" உள்ளேயிருந்து சாரதாவின் குரல் கேட்டது.

லீலா அப்படியே நின்றாள். அவளை இறக்கிவிட்ட ஆட்டோ திரும்ப இடமில்லாமல் தெருவில் பின்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகிற சாலை முழுக்க மஞ்சள் வேட்டியும் மஞ்சள் புடவையுமாக ஆட்கள். அந்த மஞ்சளைப் பார்த்த பிறகுதான் இன்றைக்கு ஆடிக் கிருத்திகை என்பதே அவளுக்கு ஞாபகம் வந்தது. விடியற்காலையில் ஐசியூ கதவுக்கு வெளியே டாக்டர் வந்து, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு சொன்னதிலிருந்து அவளுக்கு நாள் கிழமை எதுவும் இல்லாமல் போயிருந்தது. தனசிங் இறந்துவிட்டார். வீட்டை ஒதுக்கி வைக்கவும், அவருக்குப் போட வெள்ளைச் சட்டையும் கோட்டும் எடுத்து வைக்கவும் கொழுந்தன் ஞானராஜ் அவளை முன்னால் அனுப்பியிருந்தான். உடலை ஏற்றிய ஆம்புலன்ஸ் பின்னாலேயே வந்துவிடும்.

வழியெல்லாம் அவள் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் தயாராக வைத்திருந்தாள். அக்கா, அவுக போய்ட்டாவ. அதைச் சொன்னால் சாரதா ஓடிவந்து கட்டிக்கொள்வாள். அப்புறம் அழலாம். அதுவரைக்கும் வேண்டாம் என்று பிடித்து வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

முற்றத்தைத் தாண்டாமல் அவள் வீட்டுக்குப் போக வழியில்லை. முன்பக்கம் வீட்டுக்காரர் ஏகாம்பரநாதனும் சாரதாவும். பின்பக்கம் வரிசையாக வாடகை அறைகள். கடைசி இரண்டு அறைகள் தனசிங்கும் லீலாவும் குடியிருந்தவை. மற்ற அறைகளுக்குத் தெற்கேயிருந்து பையன்கள் வருவார்கள், வேறு கம்பெனி கிடைத்தால் போய்விடுவார்கள். இவர்கள் மட்டும் மகள் ஹெப்சிபா பிறப்பதற்கு முன்பிருந்தே இங்கேதான்.

முற்றத்து நடுவில் பலகை போட்டு அதன்மேல் காவடி வைத்திருந்தது. மயில்பீலியும் பூச்சரமும் சுற்றி முடித்தாகிவிட்டது. பால் சொம்பு கட்டுவதற்கான கயிறுகள் மட்டும் இரண்டு பக்கமும் தொங்கின. அதன் முன்னால் சாரதாவின் மகன் சஞ்சய் மஞ்சள் வேட்டியோடு உட்கார்ந்து வலது கையின் சரியாக மடங்காத விரல்களை மடக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கைக்காகத்தான் இந்தக் காவடி.

அவனும் தனசிங்கும் வேலை பார்த்த கம்பெனியில் பிரஸ் மெஷினில் அவன் கை மாட்டியபோது, அவர் தன் சட்டையைக் கழற்றிச் சுற்றி, வேன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை அந்தக் கையைத் தன் நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே போனார். விரல்கள் தப்பின. சாரதா முருகனுக்குக் காவடி வேண்டிக்கொண்டாள். போன ஆடியில் காப்புக் கட்டி விரதமிருந்து, காவடி கிளம்புகிற காலையில் அவளுடைய பெரியப்பா இறந்த சேதி போனில் வந்தது. தீட்டு. கட்டிய காப்பை அவிழ்த்தார்கள். "அந்தப் போன எடுக்காம வுட்டிருக்கலாம்டி. காதுல வுழாத வரைக்கும் தீட்டு இல்ல" என்று சாரதா பல நாள் சொல்லிச் சொல்லி அழுதாள். கொஞ்ச நாளிலேயே சஞ்சயின் கையில் சீழ் வைத்து மறுபடியும் ஆபரேஷன் ஆனது. இரண்டையும் அவள் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். இந்த வருடமும் நின்றுபோனால் பிள்ளையின் கை போய்விடும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

லீலாவுக்குத் தீட்டில் நம்பிக்கை கிடையாது. ஆனால் சாரதாவின் பயத்தை அவள் பக்கத்திலிருந்து பார்த்திருந்தாள்.

சாரதா கரண்டியோடு வெளியே வந்தாள். தலைக்குக் குளித்த ஈரம். மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கோத்த காப்புக் கயிறு. "இன்னாடி அங்கியே நின்னுட்ட? அண்ணன் எப்டி கீறாரு?"

"பரவால்லக்கா" என்றாள் லீலா.

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்குத் தெரிந்தது.

"கண்ணு முழிச்சாரா?"

"முழிச்சாவ."

"பேசுனாரா?"

"தண்ணி கேட்டாவ."

சாரதா கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "முருகா. நேத்தெல்லாம் அவருக்குந்தான் வேண்டிக்கினேன். உங்களுக்குப் புடிக்காது, தெரியும். இன்னா பண்றது, எனக்குத் தெரிஞ்ச சாமி முருகன்தான்."

சஞ்சய் தலையைத் திருப்பினான். "அத்தை, மாமாகிட்ட ஒரு வார்த்த பேசிட்டுக் காவடி தூக்கறேன். வீடியோ கால் போடு."

"ஐசியூக்குள்ள போன் விட மாட்டாவ சஞ்சய்."

"நர்ஸ்கிட்ட கேட்டுப் பாரேன்."

"போய்ட்டு வா. வந்து பேசிக்கிடலாம்."

அதையும் சொல்லியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவர் மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள்.

"இரு, போயிடாத" என்று உள்ளே போன சாரதா ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வந்தாள். மூடியின் ஓரம் நெளிந்திருக்கும். அமுக்கினால்தான் மூடும். "பொங்கல். படைக்காதது. அண்ணன் சாப்புடலாமோ என்னவோ, ஒரு வாய் நாக்குல வெய்யி. அப்புறம், இப்பவே கெளம்பாத. ரோடு பூரா கூட்டம், ஆட்டோ போவாது. காவடி கெளம்பட்டும், அது பின்னால போயிடு."

டப்பா சுட்டது. லீலா அதைப் புடவைத் தலைப்பால் பிடித்துக்கொண்டாள்.

அந்த டப்பா பழையது. இங்கே குடிவந்த முதல் வருடம் சாரதா ஒரு தட்டில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். வாசலில் சிரித்த முகமாக இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வது, அப்புறம் பின்னால் கொண்டுபோய்க் காக்கைக்குப் போடுவது, இது லீலாவுக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். அவள் கையை நீட்டும்போது தனசிங் பின்னாலிருந்து வந்தார். "தங்கச்சி, சாமிக்குப் படைச்சத நாங்க சாப்புடுறதில்ல. தப்பா நெனைக்காதீங்க. படைக்கிறதுக்கு முந்தி குடுத்தா நான் ரெண்டு தட்டு சாப்புடுவேன்." சாரதாவின் முகம் கறுத்துவிட்டது. தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "வாங்கி வச்சா என்ன கொறஞ்சிரும் உங்களுக்கு? நாம இங்க கர்த்தருக்குச் சாட்சியா இருக்க வேண்டாமா?" என்று லீலா அன்றைக்கு அவரோடு சண்டை போட்டாள். "வாங்கிக் கொட்டுறதா சாட்சி?" என்று கேட்டுவிட்டு அவர் ஷிப்டுக்குப் போய்விட்டார். ரொம்ப நாள் பேச்சு வார்த்தை இல்லை. தீபாவளியன்று மூடிபோட்ட டப்பா ஒன்று வந்தது. "இது படைக்காதது. எங்க சாமி மேல சத்தியம்" என்றாள் சாரதா. தனசிங் வாசற்படியிலேயே உட்கார்ந்து, அவள் பார்க்கப் பார்க்க, முழுவதையும் சாப்பிட்டார். அதிலிருந்து எந்தப் பண்டிகையானாலும் படையலுக்கு முன்னால் அந்த டப்பாவுக்கு ஒரு பங்கு எடுத்துவைப்பது சாரதா வீட்டில் சாமி காரியம்போல ஆகிவிட்டது.

லீலா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். டப்பாவை அடுப்படி மேடைமேல் வைத்துவிட்டுப் பீரோவைத் திறந்தாள். வெள்ளைச் சட்டை இஸ்திரி மடிப்போடு இருந்தது. கல்யாணக் கோட்டுக்குள் பாச்சை உருண்டை வாசம்.

கம்பெனியில் அவருக்கு ஃபாதர் என்று பட்டப்பெயர். "ஃபாதர் கண்ணுல பட்ராத, சூப்பர்வைசர் கேட்டா சொல்லிருவாரு" என்று பையன்கள் கேலி செய்வார்கள். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க ஊரிலிருந்து வருகிறவர்கள் தேடி வருவதும் அவரைத்தான். ஆகவே கல்யாணம் நிச்சயமாகப் போகிறவர்கள் ஒரு மாதத்துக்கு முன்பே நல்லவர்களாகிவிடுவார்கள் என்று ஏகாம்பரநாதன் சொல்லிச் சிரிப்பார்.

லீலாவால் எப்போதும் சிரிக்க முடிந்ததில்லை. அவள் அம்மா சாகக் கிடந்தபோது, துபாயிலிருக்கிற மகன் வருகிறானா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் வரவில்லை என்று சொல்லிவிட்டிருந்தான். "கிளம்பிட்டான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, உங்கள நம்புவாவ" என்று லீலா தனசிங்கின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். அவர் கட்டிலோரம் உட்கார்ந்து, "அவன் வரல அத்தை" என்றார். லீலா எழுந்து வெளியே போய்விட்டாள். திரும்பி வந்தபோது அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். கடைசிவரைக்கும் அந்தக் கையை விடவில்லை. பக்கத்திலேயே இருந்த லீலாவின் கையைத் தேடவும் இல்லை. அதை மன்னிக்க அவளுக்குப் பல வருடம் ஆயிற்று. மன்னித்தது அம்மாவையா அவரையா என்பது இன்றுவரை தெரியாது.

போன் அதிர்ந்தது. ஞானராஜ்.

"மைனி, எல்லாம் முடிஞ்சிட்டு. வண்டில ஏத்தப் போறோம்."

"இப்ப வேண்டாம் தம்பி" என்றாள் லீலா. கதவைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "இங்க காவடி கெளம்புது. போவட்டும். அதுக்குப் பொறவு வாங்க."

"காவடிக்கும் நமக்கும் என்ன?"

"பாடி காம்பவுண்டுக்குள்ள வந்தா அவங்க காவடி நின்னுரும்."

"நிக்கட்டுமே. நமக்கு ஏது தீட்டு? பயந்துக்கிட்டுப் பொணத்த ஒளிச்சு வைக்கிறது என்ன சாட்சி மைனி? அண்ணன் இருந்தா இதுக்கு ஒத்துக்குவானா?"

"ஒத்துக்க மாட்டாவ."

"பொறவு?"

"அவுக இல்லல்லா."

எதிர்முனையில் யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போகும் ஓசை வந்தது.

"யாருகிட்டயும் சொல்லிராத தம்பி, கொஞ்ச நேரம்."

"பாஸ்டர் சபை குரூப்ல போட்டாச்சு மைனி. கம்பெனி குரூப்புக்கும் போயிருக்கும் இந்நேரம்."

கம்பெனி குரூப். சஞ்சய் அதில் இருக்கிறான்.

அவள் வெளியே வந்தபோது பம்பைக்காரர்கள் வந்துவிட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் முற்றத்தில் நிறைந்திருந்தார்கள். படையல் போட்டுக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் கம்பியில் சார்ஜ் வயரோடு சஞ்சயின் போன் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முகம் ஒளிர்ந்தது. அணைந்தது. மறுபடி ஒளிர்ந்தது. பம்பைச் சத்தத்தில் அது அடிப்பது யாருக்கும் கேட்கவில்லை.

லீலா சுவரோரமாக ஜன்னலை நோக்கி நகர்ந்தாள். எதிர்வீட்டுச் செங்கமலம் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இன்னா லீலா, மூஞ்சி இப்டி கீது? ராவெல்லாம் தூங்கலியா?"

"இல்லக்கா."

"வூட்டுக்காரு தேறிட்டாராமே. சாரதாக்கா சொல்லுச்சு."

லீலா தலையை அசைத்தாள். செங்கமலத்தின் தோளுக்கு மேலாக ஏகாம்பரநாதன் ஜன்னலருகே வருவது தெரிந்தது. அவர் எதற்கோ போனை எடுத்தார். கண்ணாடி இல்லாததால் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தலையைத் தூக்கிக் கூட்டத்துக்குள் தேடினார். பார்வை லீலாவின் முகத்தில் வந்து நின்றது.

அவள் பார்வையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. வாய் மட்டும் லேசாகத் திறந்து மூடியது.

ஏகாம்பரநாதன் வயரைப் பிடுங்கி, போனை அணைத்து, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். "நேரமாவுது. கெளம்பலாம், கெளம்பலாம்" என்று பம்பைக்காரர்களைப் பார்த்துக் கத்தினார். குரல் உடைந்திருந்தது.

"அப்பங்காரன் வந்து காவடியத் தூக்கி வெய்யிப்பா" என்றார் பூசாரி.

ஏகாம்பரநாதன் ஓரடி பின்னால் போனார். "எனக்கு இடுப்புப் புடிச்சிகிச்சி. மச்சானத் தூக்கச் சொல்லு."

"காத்தால நல்லாத்தான இருந்த?" என்றாள் சாரதா.

"இப்பதான் புடிச்சிகிச்சி."

அவர் யார்மேலும் படாமல் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதை லீலா மட்டும் பார்த்தாள். மகனுக்கு அவர் தூக்கி வைத்திருக்க வேண்டிய காவடியைச் சாரதாவின் தம்பி தூக்கி வைத்தார்.

காவடி தோளில் ஏறியதும் பம்பையின் வேகம் மாறியது. சாரதாவின் கால்கள் தரையில் நிற்கவில்லை. கொண்டை அவிழ்ந்தது. பெண்கள் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள். இது ஒவ்வொரு கிருத்திகையும் நடப்பதுதான். அந்த நேரத்தில் லீலா அறைக்குள் போய்விடுவாள். இன்றைக்கு நடுவில் மாட்டிக்கொண்டாள். சாரதா சுற்றிச் சுற்றி வந்து அவள் முன்னால் நின்றாள். கண்கள் வேறெங்கோ இருந்தன. திருநீறு அள்ளிய கை லீலாவின் நெற்றிக்கு நேராக வந்து, தொடாமல், காற்றிலேயே நின்றது. லீலா திருநீறு பூசாதவள் என்பது இந்த நிலையிலும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"பயப்படாத" என்றது சாரதாவின் வாய். குரல் சாரதாவுடையது இல்லை. "உன் புருசன் எழுந்து நடந்து வருவான். இந்த வாசல்ல வந்து நிப்பான். நான் கீறேன்."

பெண்கள் குலவை போட்டார்கள். "கும்புட்டுக்கோ லீலா, வாக்கு வந்துடுச்சி" என்று செங்கமலம் தோளைத் தொட்டாள்.

இப்போது சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை. சுவரோரத்தில் ஏகாம்பரநாதன் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார். சஞ்சயின் வலது கை காவடிக் கொம்பைப் பிடித்திருந்தது. மடங்காமல் இருந்த விரல்கள் மடங்கியிருந்தன.

அவள் சொல்லவில்லை.

பம்பைச் சத்தம் தெரு திரும்பித் தேய்ந்தது. காம்பவுண்டில் ஒருவரும் இல்லை. தரையெல்லாம் பூவும் தண்ணீரும். லீலா ஞானராஜைக் கூப்பிட்டு, "வாங்க" என்றாள். பிறகு அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தாள். இப்போது அழலாம். அதற்காகவே காத்திருந்ததுபோல உட்கார்ந்தாள். வரவில்லை. யாருக்காகவோ ஒத்திப்போட்ட அழுகை எங்கோ போய்விட்டிருந்தது.

மேடைமேல் டப்பா இருந்தது. அவள் நேற்றிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. மூடியை நெம்பித் திறந்தாள். நெய் உறைந்து முந்திரி மேலே தெரிந்தது. அவருக்குப் பிடிக்கும் என்று சாரதா முந்திரியைக் கூடுதலாகவே போட்டிருந்தாள். லீலா விரலால் எடுத்து வாயில் வைத்தாள். அப்புறம் நிறுத்தவில்லை. டப்பாவின் அடி தெரியும்வரை சாப்பிட்டாள். அவருடைய பங்கை அவள் முன்பு தொட்டதே இல்லை. டப்பாவை முற்றத்துக் குழாயடியில் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தாள். கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தபோது ஆம்புலன்ஸ் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்குள் தெருவை அடைத்துப் பந்தல் போட்டாகிவிட்டது. ஐஸ் பெட்டிக்குள் தனசிங் கோட்டுப் போட்டுக்கொண்டு எங்கோ கிளம்புகிறவர்போல இருந்தார். கம்பெனிப் பையன்கள் யூனிஃபார்மோடு வந்து ஓரமாக நின்றார்கள். சாத்தான்குளத்திலிருந்து ஹெப்சிபா வந்துகொண்டிருந்தாள்.

பாஸ்டர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். "இந்தச் சகோதரனுடைய வாயில் பொய் இருந்ததில்லை. இந்தப் பகுதியில் கிறிஸ்தவன் என்றால் எப்படி இருப்பான் என்று யாராவது கேட்டால், இவரைக் காட்டினால் போதும். இவருடைய துணைவியாரும் அதே சாட்சியோடு இத்தனை வருடம்..."

கூட்டம் விலகியது. சாரதா வந்துகொண்டிருந்தாள். நெற்றி நிறையத் திருநீறு, தோளில் விரிந்த ஈரத் தலைமுடி, மணிக்கட்டில் காப்பு. கோயிலிலிருந்து நேராக வருகிறாள். பின்னால் சஞ்சய் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். லீலா எழுந்தாள். கட்டிக்கொள்வாள் என்று நினைத்து ஓரடி முன்னால் வைத்தாள்.

சாரதா அவளைத் தாண்டிப் போய் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் படிந்திருந்த நீரை உள்ளங்கையால் துடைத்து, உள்ளே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பாஸ்டர் பேச்சை முடித்து, பாட்டு ஆரம்பித்தது. அதற்கடியில் அவள் திரும்பாமலே கேட்டாள்.

"தண்ணி கேட்டாரா?"

"இல்லக்கா."

"கண்ணு முழிச்சாரா?"

"இல்ல."

"எப்போ?"

"விடியும்போதே."

சாரதா தலையை மெல்ல ஆட்டினாள். பந்தல் கால் அருகே நின்ற ஏகாம்பரநாதனைப் பார்த்தாள். "அதான் நீ காவடியத் தொடலியா" என்றாள். அவர் தரையைப் பார்த்தார்.

"உங்க காவடி நின்னுரும்னுதான்க்கா..."

"நிக்கட்டும். நின்னா அடுத்த வருசம் எடுத்திருப்பேன். அது எனக்கும் முருகனுக்கும்." குரலை உயர்த்தவில்லை. "கேட்டேன். நல்லாருக்காருன்ன. அத நம்பித்தான்டி எனக்கு வாக்கு வந்துச்சி. இத்தினி பேரு முன்னால, பொணமா கெடக்கற ஆள நடந்து வருவான்னு சொல்ல வெச்சிட்ட. என் சாமிய இல்ல பொய்யாக்கிட்ட நீ."

லீலா அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணன் சொல்லியிருப்பாரு" என்றாள் சாரதா.

"ஆமாக்கா. அவுக சொல்லியிருப்பாவ."

பாட்டு ஒவ்வொரு சரணமாகப் போய்க்கொண்டிருந்தது. ஞானராஜ் லீலாவின் பின்னால் குனிந்து காதருகே சொன்னான். "கேட்டியளா மைனி, அவ சாமி பொய்யின்னு அவ வாயாலயே வந்துட்டு. நாம நூறு தடவ சொன்னாலும் இப்படி ஏறாது. கர்த்தர் எப்படிச் செய்தாரு பாத்தியளா."

லீலா திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் கண்களில் அழுகையும் ஒரு வெளிச்சமும் சேர்ந்து இருந்தன. அண்ணனுக்காக அழுகிறவன்தான்.

"சாமி சொன்ன பொய் இல்ல அது" என்றாள். "நான் சொன்னது."

"மெதுவா மைனி."

"எதுக்கு மெதுவா?"

பக்கத்திலிருந்த சபைப் பெண்கள் திரும்பினார்கள். பாஸ்டரின் கை பாட்டுப் புத்தகத்தில் நின்றது. ஞானராஜ் நிமிர்ந்து அந்தப் பக்கம் போய்விட்டான். சாரதாவுக்குக் கேட்டதா என்று லீலாவுக்குத் தெரியவில்லை. அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பனி படியப் படியத் துடைத்தாள்.

ஹெப்சிபா வந்து விழுந்து அழுதபோதுகூட சாரதா இடத்தைவிட்டு எழவில்லை. பெட்டியைத் தூக்கும்போது சஞ்சய் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து தோள் கொடுத்தான். மஞ்சள் வேட்டியை மாற்றியிருக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஹெப்சிபா உள்ளே சுவரில் சாய்ந்திருந்தாள். லீலா நிலைப்படியில் உட்கார்ந்தாள். அவர் முதன்முதலாக அந்த டப்பாவை வாங்கிச் சாப்பிட்ட படி.

முற்றத்தைக் கழுவிவிட்டுக் கொண்டிருந்த சாரதா குழாயை மூடினாள். கழற்றிய காப்பு குழாய்த் திருகில் தொங்கியது. அவள் குனிந்து, அங்கே கவிழ்த்து வைத்திருந்த டப்பாவை எடுத்தாள்.

"எழவு வூட்டு சாமான இப்ப எடுக்காதக்கா" என்றாள் கேட்டருகே நின்ற செங்கமலம். "காரியம் ஆவட்டும்."

"இது எங்க வூட்டு டப்பா."

சாரதா அதற்குள்ளிருந்த தண்ணீரை உதறினாள். உள்ளே பார்த்தாள். கழுவியிருந்தது. முந்தானையால் துடைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். ஒரு கணம் லீலா இருந்த பக்கம் முகம் திரும்பியதுபோல இருந்தது. இருட்டிக்கொண்டு வந்ததில் சரியாகத் தெரியவில்லை. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். இந்தப் பக்கத்தில் சாவு வீட்டிலிருந்து போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. அதனால்தானா என்று லீலா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு சாத்தப்படவில்லை. உள்ளே விளக்குப் போட்டார்கள்.

வெகுநேரம் கழித்துத் தண்ணீர் குடிக்க எழுந்து அடுப்படிக்குப் போனபோது லீலாவின் கை எதன்மீதோ பட்டது. மேடைமேல், காலையில் நெம்பித் திறந்து வைத்த இடத்திலேயே, ஓரம் நெளிந்த மூடி கிடந்தது.